வடிதாளில் ஓடிய இரத்தம்

மட்டக்களப்பில் ரெண்டு பேர் வரலாறு கதைக்கத் தொடங்கினால் அரை மணித்தியாலத்துக்குள் "ஆர் முதல் வந்தது?" என்ற கேள்விக்கு வந்துவிடுவார்கள். கல்வெட்டு, கோயில் ஏடு, ஊர்ப்பெயர், குடிப்பெயர் எல்லாம் வெளியில் வரும். கொஞ்சக் காலமாக இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. "இரத்தத்தை டெஸ்ட் பண்ணினாத் தெரிஞ்சிரும்" என்று யாராவது ஒருவர் சொல்வார். டீஎன்ஏ பற்றிய ஒரு முகநூல் பதிவு கைபேசி கைபேசியாகச் சுற்றும். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், வேடர் எல்லாருக்கும் அதில் ஆளுக்கொரு சதவீதம் இருக்கும்.

அந்த டெஸ்ட் புதிசில்லை. எழுபது வருசத்துக்கு முதலே இந்தத் தீவில் செய்து பார்த்திருக்கிறார்கள். இலங்கை வேடர்களுடைய இரத்தத்தில் உள்ள ஒரு புரதத்தை மின்சாரம் பாய்ச்சிப் பிரித்து, "இவர்கள் யார்?" என்று கேட்டார்கள். வந்த விடை அந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை. பிறகு ஒரு தலைமுறை கழித்து, அதே விடை வைத்தியசாலைக் கட்டிலில் கிடக்கும் பிள்ளைகளுக்காகத் தேவைப்பட்டது. ஒரு ஆய்வுகூட முறை கேள்வி மாறும்போது எப்படி வேறொன்றாகிறது என்பதை நாங்கள் இந்தக் கதையில் பார்க்கிறோம்.

துடுப்பும் நங்கூரமும்

முதலில் முறையைப் புரிந்துகொள்வோம். புரதங்கள் அமினோ அமிலங்களைக் கோர்த்த சங்கிலிகள். சில அமினோ அமிலங்களுக்கு மறை ஏற்றம் உண்டு, சிலவற்றுக்கு நேர் ஏற்றம், பலவற்றுக்கு ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் ஒவ்வொரு புரதத்துக்கும் ஒரு மொத்த ஏற்றம் மிஞ்சும். ஆகவே பல புரதங்கள் கலந்த கரைசலுக்குள் மின்சாரத்தைப் பாய்ச்சினால், ஒவ்வொன்றும் தன் ஏற்றத்துக்கேற்ற வேகத்தில் ஒரு முனையை நோக்கி ஓடும். ஓட்டத்தை நிறுத்திப் பார்த்தால் வேகமானது முன்னுக்கும் மெதுவானது பின்னுக்கும் நிற்கும். இதைத்தான் எலக்ட்ரோபோரேசிஸ் என்கிறார்கள்.

இதை நம்பகமான கருவியாக்கியவர் சுவீடன் நாட்டின் உப்சாலாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்னே டிசேலியஸ். 1937இல் அவர் வெளியிட்ட கருவியில் குருதியின் நீர்ப்பகுதியை ஓடவிட்டபோது, ஒரே திரவமாகத் தெரிந்த அது அல்புமின், அல்பா, பீட்டா, காமா குளோபுலின்கள் என்று பிரிந்து நின்றது. அந்தப் பெயர்கள் இன்றைக்கும் எங்கள் லாப் ரிப்போட்டுகளில் இருக்கின்றன. 1948இல் அவருக்கு வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்த வருடம், 1949 நவம்பரில், அமெரிக்காவில் லைனஸ் போலிங், ஹார்வி இட்டானோ, சீமோர் சிங்கர், இபர்ட் வெல்ஸ் ஆகிய நாலு பேர் இதே கருவியில் ஈமோகுளோபினை ஓடவிட்டுக் கண்டதை வெளியிட்டார்கள். ஈமோகுளோபின் என்பது இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருகிற, ஒட்சிசனைக் காவுகிற புரதம். அரிவாள் கல நோய் உள்ளவர்களின் ஈமோகுளோபின் மற்றவர்களுடையதிலும் வேறு வேகத்தில் நகர்ந்தது. நோய் இல்லாமல் பண்பை மட்டும் காவும் ஆட்களிடம் இரண்டு வகையும் கலந்து இருந்தது. ஒரு நோயின் காரணம் ஒற்றை மூலக்கூறின் மாற்றத்தில் இருக்கலாம் என்று முதன்முதலில் காட்டியது இந்த ஆய்வுதான்.

டிசேலியசின் கருவி பெரிசு, விலையும் கூட. வறிய நாட்டு ஆஸ்பத்திரிக்கு அது எட்டாது. 1950ஐ ஒட்டிய வருடங்களில் வடிதாள் வந்து அந்த நிலைமையை மாற்றியது. உப்புக்கரைசலில் நனைத்த ஒரு வடிதாள் துண்டு, அதில் ஒரு சொட்டு, இரண்டு முனையிலும் மின்வாய். சில மணித்தியாலம் விட்டால் தாளில் பட்டைகள் தெரியும். ஈமோகுளோபினுக்குச் சொந்தமாகவே நிறம் இருப்பதால் சாயம் போடாமலே பார்க்கலாம்.

காரக் கரைசலில் ஈமோகுளோபின் மறை ஏற்றத்தோடு நேர்முனையை நோக்கி ஓடும். பெரியவர்களுக்குச் சாதாரணமாக உள்ள ஏ வகை நல்ல வேகம். அரிவாள் வகையான எஸ் அதிலும் மெதுவு. ஈ என்றொரு வகை எஸ்ஸிலும் மெதுவு. காரணம் சின்னது. பீட்டாச் சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் உண்டு. எஸ் வகையில் 6ஆவது இடத்தில் மறை ஏற்றமுள்ள குளுட்டாமிக் அமிலம் போய், ஏற்றமில்லாத வாலின் வந்திருக்கும். ஈ வகையில் 26ஆவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் போய், நேர் ஏற்றமுள்ள லைசின் வந்திருக்கும். தோணிக் கணக்கில் சொன்னால், எஸ் ஒரு துடுப்பை இழந்த தோணி. ஈ துடுப்பையும் இழந்து நங்கூரத்தையும் இழுத்துக்கொண்டு போகிற தோணி.

மண்டையோட்டிலிருந்து இரத்தத்துக்கு

இந்த வடிதாள் எங்கள் பக்கம் வந்த வழியைப் பார்க்க, முதலில் அளவுகோல் வந்த வழியைப் பார்க்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரத்திலிருந்து பவுல் சரசின், பிரிட்ஸ் சரசின் என்ற இரண்டு உறவினர்கள் வந்து வேடர்களின் உடலையும் மண்டையோட்டையும் அளந்து பெரிய நூல் எழுதினார்கள். 1911இல் சார்ள்ஸ் செலிக்மன், பிரெண்டா செலிக்மன் தம்பதியர் வேடர்கள் பற்றிய ஆங்கில நூலை வெளியிட்டார்கள். கிழக்குக் கரையோர வேடர்களையும் அவர்கள் அதில் எழுதினார்கள். மட்டக்களப்புக்கு வடக்கே, வாகரை, பனிச்சங்கேணி, கதிரவெளிப் பக்கங்களில் தமிழ் பேசி, மீன்பிடித்து, சேனை செய்து வாழ்கிற சனங்கள்தான் அவர்கள்.

இப்படியான எழுத்துகள் வழியாக "வேடர்" என்ற பெயர் இலங்கையைத் தாண்டி ஒரு மானுடவியல் வகையாகிவிட்டது. தென்னிந்திய மலைவாசிகள், அரேபியாவின் தென்பகுதியினர் என்று பலரையும் "வேடர் போன்றோர்" என்ற ஒரே இனப்பெட்டிக்குள் போட்டார்கள். அந்தப் பெட்டிக்குப் பெயர் கொடுத்த ஆட்களிடம் இதுபற்றி யாரும் கேட்கவில்லை.

இனி ஹேர்மன் லேமன் வருகிறார். 1910இல் ஜேர்மனியின் ஹாலே நகரில் பிறந்த யூத வம்சத்தவர். நாஜிகளின் ஜேர்மனியை விட்டுப் பிரித்தானியாவுக்குப் போனவர். பிறகு உலகத்தின் ஈமோகுளோபின் வகைகளைத் தேடித் திரிந்த பெரிய ஆய்வாளர் ஆனார். 1952இல் அவரும் மேரி கட்புஷ்ஷும் தமிழ்நாட்டின் நீலகிரி மலைவாழ் மக்களிடையே அரிவாள் பண்பைக் கண்டதாகப் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார்கள். அதுவரை ஆபிரிக்காவோடு சேர்த்தே பேசப்பட்ட ஒன்று நீலகிரியில்! லேமன் அதற்கு இன வழியிலான விளக்கத்தைத் தேடினார். "வேடர் போன்றோர்" என்ற பழைய மக்கள் கூட்டம்தான் இந்த மரபணுவைப் பரப்பியிருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. இனவாத அரசிடமிருந்து தப்பிப் போன ஒரு விஞ்ஞானியே இனப்பெட்டிகளை வைத்து யோசித்தார் என்பது அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்கிற செய்தி. 1950களில் அது பலருக்கும் சாதாரண அறிவாகவே இருந்தது.

அந்தக் கருத்து சரியென்றால், பெட்டிக்குப் பெயர் தந்த இலங்கை வேடர்களிடம் எஸ் இருக்க வேண்டும். வேடர்களிடம் தெரிந்த பட்டையோ ஈ. 1955இல் ஆசியாவில் ஈ வகை பற்றி வந்த குறிப்பொன்றில் லேமனோடும் ஆதர் மூரன்ற்றோடும் இலங்கையின் ஆர்.எல். விக்கிரமசிங்கவும் ஒரு ஆசிரியர். 1963இல் விக்கிரமசிங்க, எலிசபெத் இக்கின், மூரன்ற், லேமன் நால்வரும் வேடர்களின் குருதி வகைகளையும் ஈமோகுளோபின்களையும் பற்றி இலண்டன் அரச மானுடவியல் நிறுவனத்தின் சஞ்சிகையில் விரிவாக எழுதினார்கள்.

ஈ வகை 1954இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அது மிகக் கூடுதலாகக் காணப்படுவது தாய்லாந்து, கம்போடியா, லாவோஸ் பக்கங்களில். அப்படியென்றால் வேடர் கிழக்காசியாவிலிருந்து வந்தவர்களா? இனப்பெட்டியை விடாமல் பிடித்துக்கொண்டால் அடுத்த கேள்வி அப்படித்தான் வரும். அங்கேதான் பட்டை சொல்லக்கூடியதற்கும் சொல்ல ஏலாததற்கும் இடையிலான எல்லை இருக்கிறது.

பட்டை சொல்லாத விசயம்

முதலாவது, ஒரே இடத்தில் நிற்கிறதெல்லாம் ஒன்றில்லை. ஏ2 என்ற வகை எல்லாருடைய இரத்தத்திலும் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு உண்டு. வடிதாளில் அது ஈ நிற்கிற இடத்திலேயே நிற்கும். பட்டை மெல்லிசா தடிப்பா என்று பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும். ஈ காவுபவரிடம் அது கால்வாசி அளவுக்கு இருக்கும். சி என்ற ஆபிரிக்க வகையும் அதே இடம்தான்.

இதற்குள்ளே போய்ப் பார்க்க வேறொரு முறை தேவைப்பட்டது. 1956இல் கேம்பிரிட்ஜில் வேர்ணன் இங்ரம் ஈமோகுளோபினை ஒரு நொதியத்தால் சிறு துண்டுகளாக வெட்டினார். ஒரு பெரிய தாளில் அந்தத் துண்டுகளை ஒரு திசையில் மின்சாரத்தாலும், மற்றத் திசையில் கரைப்பானை ஊறவிட்டு நிறப்பகுப்பு முறையாலும் பிரித்தார். தாள் முழுக்கப் புள்ளிகள். ஏ, எஸ் இரண்டின் தாள்களையும் பக்கத்தில் வைத்தால் ஒரேயொரு புள்ளிதான் இடம் மாறியிருந்தது. இந்த முறைக்குக் கைரேகை என்றே பெயர் வந்தது. ஈ வகையின் 26ஆவது இடத்து மாற்றமும் சில வருடங்களில் இதே வழியில்தான் தெரிந்தது.

இரண்டாவது, மாற்றம் ஒன்றாக இருந்தாலும் வம்சம் ஒன்றாக இருக்க வேண்டும் என்றில்லை. ஒரே எழுத்துப்பிழை இரண்டு கொப்பிகளில் தனித்தனியாக வரலாம். ஈ வகை வெவ்வேறு மரபணுப் பின்னணிகளில் காணப்படுகிறது என்று பின்னாளைய டீஎன்ஏ ஆய்வுகள் காட்டின. புரதப் பட்டைக்கு அந்தப் பின்னணி தெரியாது.

மூன்றாவதுதான் பெரிய விசயம், மலேரியா. அரிவாள் பண்பைக் காவுகிறவர்கள் மலேரியாவிலிருந்து கூடுதலாகத் தப்பிப் பிழைக்கிறார்கள் என்று 1954இல் அந்தோணி அலிசன் கிழக்கு ஆபிரிக்காவிலிருந்து காட்டினார். ஈ வகையும் தலசீமியாப் பண்பும் கூட இதே காரணத்தால்தான் சில இடங்களில் பெருகின என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மலேரியா உள்ள நாட்டில் அந்த மரபணு தங்கும், இல்லாத நாட்டில் மங்கும்.

எங்கள் வரண்ட வலயம் மலேரியா நாடு. 1934-35இல் இலங்கையில் மலேரியா சுமார் 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. அந்தக் கொள்ளைநோய் மோசமாக அடித்தது கேகாலை போன்ற, வழமையாக மலேரியா குறைந்த பகுதிகளில். குளமும் காடும் சேனையுமாக இருந்த வரண்ட வலயத்தில் அது வருசா வருசம் இருந்த நோய். 1940களின் நடுப்பகுதியில் டிடிடி வரும்வரைக்கும் அதுதான் நிலைமை. உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடென்று சான்றளித்தது 2016இல்.

ஆகவே வேடர்களின் இரத்தத்தில் நிற்கிற ஈ பட்டையைப் படிக்கும்போது, அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதைவிட எந்த நோயோடு எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்பதுதான் தெளிவாகத் தெரிகிறது. நுளம்பு இனம் பார்த்துக் கடிப்பதில்லை. பக்கத்து வயலில் குடிலடித்துக் கிடந்த தமிழரையும் முஸ்லிமையும் சிங்களவரையும் அதே நுளம்புதான் கடித்தது.

இதெல்லாம் தெரிந்த பிறகும் பழைய கேள்வி ஓயவில்லை. மாச்செல்லில் பிரிக்கிற முறையை 1955இல் ஒலிவர் ஸ்மிதீஸ் கொண்டுவந்தார். செல் என்பது வலை மாதிரி. வலைக்கண் அளவுக்கு ஏற்பப் பெரிய புரதம் சுணங்கும், சின்னது முன்னுக்குப் போகும். அதனால் ஏற்றத்தோடு பருமனையும் வைத்துப் பிரிக்கலாம். இப்படிப் பிரித்த இரத்தப் புரதங்களை வைத்துச் சிங்களவரின் தோற்றத்தைத் தேடும் ஆய்வுகள் வந்தன. 1976இல் ஆர்.எல். கேர்க் எழுதியது ஒன்று, 1988இல் என். சாஹா எழுதியது இன்னொன்று. இரண்டின் தலைப்பிலும் இளவரசன் விஜயனின் கதை இருக்கிறது. 1976க்கும் 1988க்கும் இடையில் இந்த நாட்டில் என்ன நடந்தது என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. மகாவம்சத்துக் கதையொன்றுக்குச் சாட்சி சொல்லப் புரதங்களையும் கூப்பிட்டிருந்த காலம் அது.

கரையோர வேடரோ, பெரிய கேள்விக்கு உதாரணமாக இருந்தார்களே தவிர, தங்கள் கேள்வியைக் கேட்கிற இடத்தில் இருக்கவில்லை. 2012 குடிசன மதிப்பீட்டு இன அட்டவணையில் வேடர் என்று ஒரு தனி நிரல்கூட இல்லை. சுனாமியும் 2006-07 இடப்பெயர்வும் வாகரையைப் புரட்டிப்போட்ட காலத்திலும் அவர்கள் வேறு பெயர்களுக்குள்தான் எண்ணப்பட்டார்கள். இரத்தத்தில் உலகப் புகழ், பட்டியலில் "ஏனையோர்".

அதே பட்டை, வேறு கேள்வி

2000ஆம் ஆண்டில் லான்செட் மருத்துவச் சஞ்சிகையில் இலங்கையின் தலசீமியா பற்றிய ஆய்வொன்று வந்தது. சாந்திமாலா டி சில்வா முதலானோரும் ஒக்ஸ்போட்டின் டேவிட் வெதரோலும் சேர்ந்து செய்தது. ஒன்பது வைத்தியசாலைகளின் 703 நோயாளிகளுடைய இரத்தமும், நாட்டின் பல பகுதிகளைச் சேர்ந்த 1,600 பள்ளிக்கூடப் பிள்ளைகளின் இரத்தமும் எடுத்தார்கள். இம்முறை வடிதாள் இல்லை. உயர் அழுத்தத்தில் ஒரு நிரலுக்குள் கரைசலைச் செலுத்திப் பிரிக்கிற எச்பிஎல்சி கருவி. பட்டைக்குப் பதிலாக வரைபில் மேடுகள் வரும், ஒவ்வொரு மேட்டின் அளவும் இலக்கமாக வரும்.

தலசீமியாவில் ஈமோகுளோபினின் சங்கிலியொன்று குறைவாகவே உற்பத்தியாகும். பெற்றோர் இருவரிடமிருந்தும் பீட்டா தலசீமியா மரபணு வந்தால் பிள்ளைக்கு மாதாமாதம் இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய இரத்தத்தின் இரும்பு இருதயத்திலும் ஈரலிலும் படியும். அதை எடுக்க வேறு மருந்து. அந்த மருந்தை வருசக்கணக்காக இரவிரவாகச் சின்னப் பம்பால் தோலுக்கடியில் ஏற்றினார்கள். பிறகுதான் வாயால் எடுக்கிற மருந்து வந்தது.

ஒருவரிடமிருந்து பீட்டா தலசீமியாவும் மற்றவரிடமிருந்து ஈ வகையும் வந்தால்? ஈயை மட்டும் காவுகிறவருக்கு ஒரு வருத்தமும் இல்லை, தனக்கு இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிக்கலாம். ஆனால் இரண்டும் சேர்ந்த பிள்ளைக்கு நோய் வரும். சில பிள்ளைகளுக்கு இலேசாக, சில பிள்ளைகளுக்கு இரத்தம் ஏற்றாமல் வாழ ஏலாத அளவுக்கு. இலங்கையில் எந்த நேரத்திலும் 2,000க்கு மேற்பட்டவர்களுக்குச் சிகிச்சை தேவைப்படும், அவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் இந்தக் கலப்பு வகையாக இருக்கும் என்று அந்த ஆய்வு கணித்தது. நாட்டின் சுகாதாரச் செலவில் சுமார் 5 சதவீதம் இதற்கே போகலாம் என்றும் சொன்னது.

வேடரின் தோற்றத்தைத் தேடி வாசித்த அதே ஈ எழுத்துத்தான். இப்ப அதைப் பார்த்து ஒரு தாதி கேட்கிற கேள்வி, "இந்தப் பிள்ளைக்கு அடுத்த இரத்தம் எப்ப?" என்பது.

குடியும் ஈமோகுளோபினும்

எங்கள் பக்கத்தில் இதைக் கதைத்தால் கலியாணத்தைக் கதைக்காமல் விடேலாது. மட்டக்களப்புத் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் குடி தாய்வழியாக வருகிறது. ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. அதே நேரம் மாமன் மகள், மாமி மகன் என்றால் உரிமை. மாமனுடைய பிள்ளை மாமியின் குடி, ஆகவே குடிக் கணக்கில் வேறு ஆள்.

ஈமோகுளோபின் இந்தக் கணக்கைப் பார்க்காது. அது தாய்வழி, தகப்பன்வழி இரண்டாலும் வரும். பீட்டா தலசீமியாவைக் காவுகிற ஒரு அம்மம்மாவின் பிள்ளைக்கு அது வர இரண்டில் ஒரு வாய்ப்பு, பேரப்பிள்ளைக்கு நான்கில் ஒன்று. அவருடைய மகனின் பிள்ளையும் மகளின் பிள்ளையும் முடித்தால், இருவரும் காவிகளாக இருக்கப் பதினாறில் ஒரு வாய்ப்பு. நூற்றுக்கு இரண்டு பேர் காவிகள் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால், உறவில்லாத இருவர் சேரும்போது அந்த வாய்ப்பு 2,500இல் ஒன்று. இருவரும் காவிகளானால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோயுள்ள பிள்ளைக்கு நான்கில் ஒரு வாய்ப்பு.

அதுக்காக மச்சான் மச்சாள் கலியாணத்தைக் குற்றமாக்க நாங்கள் வரவில்லை. சொந்தத்துக்குள் முடித்த எத்தனையோ வீடுகள் நல்லா இருக்கின்றன. சொந்தத்துக்கு வெளியே, வேறு ஊரில், வேறு இனத்தில் முடித்தாலும் ஒருவர் ஈயையும் மற்றவர் பீட்டாவையும் காவினால் இதே நான்கில் ஒன்றுதான். கேட்க வேண்டியது உறவா பிறத்தியா என்பதைவிட, ரெண்டு பேரும் காவிகளா என்பது. அதற்கு முதலில் எஃப்பிசி எனப்படும் சாதாரண இரத்தப் பரிசோதனை, சந்தேகம் வந்தால் எச்பிஎல்சி. இரும்புச்சத்துக் குறைவும் எஃப்பிசியில் தலசீமியாப் பண்பு மாதிரித் தெரியலாம் என்பதால், ஒரு தாளைப் பார்த்து வீட்டிலேயே முடிவெடுக்காமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

எங்களுக்கு ஒரு பயம் இருக்கிறது. சாதகம் பார்க்கிற மாதிரி, இந்த ரிப்போட்டையும் பொம்பிளைப் பிள்ளையிடம் மட்டும் கேட்பார்கள். காவி என்று தெரிந்தால் "அந்தக் குடியில வருத்தம்" என்று ஊர் முழுக்கக் கதை போகும். வேடரின் இரத்தத்தில் இனத்தைத் தேடியவர்கள் செய்ததை, அப்போது நாங்கள் குடிக்குச் செய்வோம். ஆகவே டெஸ்ட் ரெண்டு பக்கமும், ஒரே நாளில், கலியாணப் பேச்சுக்கு முதலே நடக்க வேண்டும். முடிவு அந்த ரெண்டு பேருக்குரியது, தரகருக்கில்லை.

மே 8 உலகத் தலசீமியா நாள். ஏஎல் முடித்த பெடியளும் பெட்டையளும் அதற்கு முதல் ஒருக்காக் கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள். எழுவான்கரையில் என்றாலும் படுவான்கரையில் என்றாலும் வாகரையில் என்றாலும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். வாகரையில் அதைக் கேட்கப் போகிற எவரும், இரத்தம் எடுத்தால் அதன் முடிவை அங்குள்ள சனங்களுக்கு, அவர்கள் பேசுகிற தமிழில், திருப்பிச் சொல்லிவிட்டு வர வேண்டும்.